வார்டு மேப்புக்கு ரூ.35,000 கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், சமூகவியல் இறுதியாண்டு. சென்னையில் மழைத்தண்ணீர் தேங்கும் இடங்களில் எப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன என்று ஜி.ஐ.எஸ். (விவரங்களை மேப்பின் மேல் பொருத்திப் பார்க்கும் கணினி முறை) வைத்துப் பார்க்கிறோம். மென்பொருள், வார்டு மேப், மக்கள்தொகை விவரம் எல்லாம் சேர்த்து ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் ரூ.35,000 கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அதற்கான க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். தெருக்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய மேப்பில் கிடைக்கும். 2011 கணக்கெடுப்பின் வார்டு விவரத்தை அரசுத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். சென்டர்காரர் விற்பதும் இதே சரக்குதான், பென்டிரைவில் போட்டு.

காசு போனால்கூடப் போகட்டும், அவர் தரும் மேப்பில்தான் வில்லங்கம். 2011 தொடக்கத்தில் தலை எண்ணியபோது சென்னை மாநகராட்சிக்கு 155 வார்டு. அதே ஆண்டு எல்லையை விரித்து 200 ஆக்கினார்கள். பழைய 155-ஐ 107 ஆகச் சுருக்கி, புறநகரில் 93 சேர்த்து. எண், எல்லை எல்லாம் கலைந்துவிட்டது. பழைய 40-ஆம் வார்டின் கணக்கை இன்றைய 40-ஆம் வார்டின் தலையில் ஒட்டினால் கம்ப்யூட்டர் வாயே திறக்காது, அழகாகக் கலர் அடித்துக் கொடுத்துவிடும். பார்க்கிற ஆசிரியரும் கலரைத்தான் பார்க்கிறார். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததில், பத்து வருடத்துக்கும் மேலான பழங்கணக்கை வைத்து இன்றைய நகரத்தை அளக்க வேண்டிய கொடுமை நமக்கு. பழைய 155 வார்டு எல்லை கிடைக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ போடுங்கள். பதிலாக ஒரு மங்கலான பிடிஎஃப் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். என்னைக் கேட்டால், முழு நகரத்தையும் விட்டுவிட்டு நான்கைந்து தெருக்களில் நீங்களே வீடு வீடாகக் கேட்பது மேல்.

காசு செலவழிக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம், தரை உயரம். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் பெரும்பாலோர் எடுப்பது 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து அளந்தது; 30 மீட்டர் சதுரத்துக்கு ஓர் எண், அதிலும் சில மீட்டர் பிழை. சென்னையோ தட்டையான ஊர். இங்கே தண்ணீர் வீட்டுக்குள் வருவதை அரை அடிதான் முடிவு செய்கிறது: பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டு, வாசல் பள்ளமாகிப்போன தெருக்கள் எத்தனை! அதை அந்தத் தரவு காட்டாது. அதனால் தெருவை முடிவு செய்த பிறகு (முன்னால் அல்ல) ஒரு சர்வேயரை ஆட்டோ லெவலோடு (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) ஒருநாள் கூலிக்குக் கூப்பிடுங்கள். சாலை நடு, வாசற்படி, வடிகால் மூடி என்று வீட்டுக்கு மூன்று அளவு போதும். அவர் எழுதிய லெவல் புக்கையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் பக்கத்துப் பாலிடெக்னிக் சிவில் துறையில் விசாரியுங்கள், அங்கே கருவி தூசி படிந்து கிடக்கும். ட்ரோன் விட்டு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், ஐந்து பேர் வேலை. ஒருவர் 'கணுக்கால் வரை' என்று எழுத, இன்னொருவர் 'ஒன்றரை அடி' என்று எழுதினால் சேர்க்க முடியாது. ஒரே படிவம், ஒரே அளவு என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். மேப் விவரத்தைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்பது ஒரு ஃபைல் இல்லை, குறைந்தது மூன்று. ஒன்றை மட்டும் வாட்ஸப்பில் தட்டிவிட்டு 'எனக்குத் திறக்குதே' என்று சண்டை போடாமல், ஃபோல்டரையே ஜிப் செய்து அனுப்புங்கள்.