தொடக்கநிலை ஹாக்கி: பயிற்சிக்குள் விளையாட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 20 மாணவர்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். வரிசையில் நிற்கவைத்துக் கூம்புகளுக்கு இடையே பந்தை நகர்த்தச் சொன்னால் சற்று நேரத்தில் அவர்களுக்குச் சலித்துவிடுகிறது. சரி, விளையாடட்டும் என்று விட்டால் அத்தனை பேரும் பந்தைச் சூழ்ந்துகொள்கிறார்கள். சொல்லிக்கொடுத்த மட்டைப் பிடி காணாமல் போகிறது. “முதலில் அடிப்படை, பிறகுதான் விளையாட்டு” என்று மூத்த பயிற்சியாளர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். உற்சாகமூட்டும் பயிற்சிகள் என்று பலரும் சொல்பவை வெறும் பொழுதுபோக்குதானா? பந்தை ஓங்கி அடிப்பதை எப்போது கற்றுக்கொடுக்கலாம்?

க.

அன்புள்ள க.,

அடிப்படையை வலியுறுத்தும் உங்கள் மூத்த பயிற்சியாளரை நான் மதிக்கிறேன். ஆனால் அடிப்படை முடிந்த பிறகே விளையாட்டு வரவேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை. ஒரு விளையாட்டின் விதியைச் சரியாக அமைத்துவிட்டால், அதில் வெல்வதற்கு எந்தத் திறன் தேவையோ அதைக் குழந்தைகள் தாமாகவே தேடிப் பிடித்துக்கொள்வார்கள். அப்படி விதி அமையாத விளையாட்டைத்தான் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல வேண்டும்.

முதலில் அந்த வரிசையைப் பார்ப்போம். 20 பேர் ஒரே வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் கூம்புகளைச் சுற்றிவர 15 விநாடி எடுத்துக்கொண்டால், ஒருவருக்கு மறுமுறை வாய்ப்பு வருவதற்கு 5 நிமிடம் ஆகும். 20 நிமிடப் பயிற்சியில் ஒரு குழந்தையின் மட்டையில் பந்து இருப்பது மொத்தமே 1 நிமிடம். மீதி 19 நிமிடமும் நிற்கச் சொல்லிவிட்டு, சலிப்படைகிறார்களே என்று நாம் வருந்துவது நியாயமில்லை.

இதற்கு மாற்றாக, ஏறக்குறைய 20 மீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்து, அதற்குள் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டிரண்டு கூம்புகளாக 25 வாயில்களைச் சிதறலாக வையுங்கள். எல்லோரிடமும் ஒவ்வொரு பந்து இருக்கட்டும். பந்துகள் போதாவிட்டால் இருவருக்கு ஒன்றாகக் கொடுத்து மாறி மாறி ஆடவிடலாம். 45 விநாடியில் எத்தனை வாயில்களைக் கடந்தோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்ள வேண்டும். அடுத்த சுற்றில் தம் எண்ணிக்கையைத் தாமே மிஞ்ச வேண்டும். ஒரே வாயிலில் உடனே திரும்பி வரக்கூடாது என்ற விதி ஒன்றே போதும், அடுத்த வாயில் எங்கே காலியாக இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் தலை தானாக நிமிரும். “தலையை நிமிர்த்து” என்று ஓயாமல் கத்துவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

இதே விளையாட்டில் மட்டைப் பிடியையும் கற்றுக்கொடுக்க முடியும். ஹாக்கி மட்டையின் தட்டையான இடப்பக்கத்தால் மட்டுமே பந்தை ஆடலாம், வளைந்த பின்பக்கம் பந்தில் படுவது குற்றம் என்பதால், பந்தை வலப்பக்கமாக இழுக்க வேண்டுமென்றால் மட்டையைப் புரட்டியே ஆகவேண்டும். புரட்டுவது மேலே பிடித்திருக்கும் இடக்கை. கீழே இருக்கும் வலக்கை மட்டை தனக்குள் சுழல்வதற்கு இடம்விட்டுத் தளர்ந்திருக்க வேண்டும். தொடக்கநிலையினர் ஏறக்குறைய எல்லோரும் வலக்கையை இறுக்கிவிடுகிறார்கள், மட்டை புரள மறுக்கிறது. ஆகவே மூன்றாவது சுற்றில், வாயிலைக் கடந்ததும் வலப்பக்கம் வெட்டித் திரும்பினால்தான் கணக்கில் சேரும் என்று அறிவியுங்கள். பிடி தவறாக இருப்பவருக்கு எண்ணிக்கை சட்டென்று குறையும். அப்போது அருகில் சென்று அவருடைய வலக்கையைத் தளர்த்திக் காட்டினால், அந்தத் திருத்தம் அவருக்கு உடனே வேண்டிய ஒன்றாகிவிடும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் கவலைப்பட்டுக் கேட்பார்கள். இடக்கையாளர்களுக்கென்று தனி மட்டை விதிகளில் கிடையாது. ஆனால் மட்டையைத் திருப்புவது இடக்கைதான் என்பதால் அவர்களுக்கு அது பெரும்பாலும் அனுகூலமாகவே அமைகிறது.

பந்தை நிறுத்துவதற்கு, நடுவில் பந்துகளைக் குவித்து நான்கு மூலைகளிலும் நான்கு வளையங்களை வைத்து, நான்கு அணிகளாகப் பிரித்து விடுங்கள். நடுவிலிருந்தும், நடு காலியான பின் மற்ற வளையங்களிலிருந்தும், ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு பந்தை மட்டுமே கொண்டுவரலாம். வளையத்துக்குள் பந்து அசையாமல் நின்றால்தான் அது அணிக்குச் சொந்தம். வேகமாக ஓடி வந்து பந்தை அடக்கி நிறுத்துவதே இதில் வெற்றி என்பதால், வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தையும் மட்டையைத் தாழ்த்த வேண்டிய கணத்தையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பந்தை இழந்தவர் வெளியேற வேண்டும் என்ற வகை விளையாட்டுகளை மட்டும் தயவுசெய்து நடத்தாதீர்கள். அதிகம் பழக வேண்டிய குழந்தைதான் முதலில் வெளியே உட்காரும். நன்றாக ஆடத் தெரிந்தவரோ கடைசிவரை ஆடிக்கொண்டிருப்பார். பந்தை இழந்தவர் எல்லைக்கு வெளியே சென்று உங்களோடு இரண்டு முறை பந்தைத் தள்ளி வாங்கிவிட்டு உள்ளே திரும்பலாம் என்று மாற்றிவிட்டால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள்.

பந்தைச் சூழ்ந்துகொள்ளும் பழக்கத்தை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் எல்லோருக்கும் பந்து வேண்டும், அவ்வளவுதான். முழு மைதானம் 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. பழகிய பதினொருவருக்கான அந்தப் பரப்பில் புதியவர்களை விட்டால், பந்து இருக்கும் இடத்தைவிட்டு விலகுவதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. மூவருக்கு மூவர் ஆடவிடுங்கள். ஒவ்வொரு அணிக்கும் இரு மூலைகளிலும் ஒவ்வொன்றாக இரண்டு சிறிய கோல்களை வையுங்கள். ஒரு கோலை எல்லோரும் அடைத்து நின்றால் மற்றது திறந்து கிடக்கும். “பரவி நில்லுங்கள்” என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே யாராவது ஒருவர் அந்தப் பக்கம் ஓடிப் பந்தைக் கேட்பார். பந்து காலில் பட்டால் எதிரணிக்கு ஃப்ரீ ஹிட், அதாவது அந்த இடத்திலிருந்து தடையின்றிப் பந்தை ஆடத் தொடங்கும் வாய்ப்பு; கண்டிப்பு வேண்டாம். ஃப்ரீ ஹிட் எடுப்பவர் தானே பந்தை ஓட்டிச் செல்லலாம் என்ற விதி 2009 முதல் சர்வதேச ஆட்டத்தில் உள்ளது; ஆட்டம் தடைப்படாமல் ஓடுவதற்குச் சிறுவர்களிடமும் அதைத் தொடக்கத்திலிருந்தே அனுமதியுங்கள்.

தனித்த அடிப்படைப் பயிற்சியை நான் ஒதுக்கவில்லை. ஆட்டத்தில் பாஸ் போய்ச் சேராமல் தவித்த பிறகு, ஐந்து நிமிடம் இருவர் இருவராகப் பந்தைத் தள்ளிப் பழகி, மறுபடி அதே ஆட்டத்துக்குத் திரும்புவது நல்ல முறை. எதற்காகப் பழகுகிறோம் என்பது அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மூத்த பயிற்சியாளருக்கு ஐயம் தீராவிட்டால், இரண்டு முறையிலும் ஏதேனும் ஒரு குழந்தையை மட்டும் 5 நிமிடம் கவனித்து, பந்து எத்தனை முறை மட்டையில் பட்டது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓங்கி அடிப்பதை அவசரப்படாமல் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம், அது கடினமானது. நெருங்கி ஆடும் சிறுவர்களிடையே மட்டை மேலே எழுந்தால் பந்தைவிட மட்டையே பெரிய ஆபத்து. தொடக்க மாதங்களில் அதே அளவுள்ள மென்மையான பந்தும், தள்ளும் பாஸும், இடுப்புக்கு மேல் எழாத மட்டையும் போதும். முழங்கால் கீழ்க்காப்பும் பற்காப்பும் முதல் நாளிலிருந்தே கட்டாயம். ஓடிக்கொண்டே பந்தைத் தள்ளி, பத்து மீட்டர் தொலைவில் இருப்பவரின் மட்டைக்கு நேராகச் சேர்க்க முடிகிறவர்களைத் தனியே அழைத்து, எல்லோரும் ஒரே திசையில் அடிக்கும்படி இடைவெளிவிட்டு நிற்கவைத்து, நீங்கள் அவர்களுக்குப் பின்னால் நின்று, அப்போது ஹிட்டைத் தொடங்குங்கள்.