கணினி கேள்வி-பதில்: தராசுக்காகத் திறந்த கதவு

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறோம். பில் போடும் சாஃப்ட்வேர் உபுண்டு கணினியில் டாக்கர் கன்டெய்னராக ஓடுகிறது. யுஎஸ்பி தராசின் எடை திரையில் வரவில்லை. அமைத்துக் கொடுத்தவர் 'ப்ரிவிலேஜ்ட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் வந்துவிட்டது. அப்படியே விடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: விடாதீர்கள். கன்டெய்னர் (சாஃப்ட்வேரைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) தனிக் கணினி அல்ல, இயங்குதளத்தின் மையமான கர்னல் இரண்டுக்கும் ஒன்றுதான். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் வழக்கமாக, ரூட்டின் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியின்) 41 அதிகாரங்களில் 14-ஐ மட்டும் உள்ளே விடும். நீங்கள் சேர்த்த சொல் 41-ஐயும் கொடுத்து, கன்டெய்னர் செய்யக்கூடியதைக் கட்டுப்படுத்தும் செக்காம்ப், ஆப்ஆர்மர் காவலையும் எடுத்துவிடுகிறது. கணினியின் எல்லா டிவைஸ்களும் உள்ளே தெரியும். சாஃப்ட்வேரில் ஓர் ஓட்டை வழியாக ரூட்டாக நுழைந்தவன் ஹார்டு டிஸ்க்கையே மவுன்ட் செய்து, பாஸ்வேர்டு கோப்பு வரை படிப்பான், எழுதுவான். அதற்குப் பெரிய வித்தை ஏதும் வேண்டாம், ஒரே கட்டளைதான்.

கன்டெய்னருக்குள் போய் '/ப்ராக்/1/ஸ்டேட்டஸ்' கோப்பில் 'கேப்-எஃப்' வரியைப் பாருங்கள். ஐந்து சைபர், ஒரு 1, பின்னால் பத்து 'எஃப்' என்றிருந்தால் எல்லா அதிகாரமும் உள்ளே இருக்கிறது.

தராசுக்கு வேண்டியது ஒரே ஒரு டிவைஸ். ப்ரிவிலேஜ்டை நீக்கிவிட்டு, 'டிவைஸ்' என்ற தேர்வில் தராசின் பெயரான '/டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0' கொடுங்கள். 'யூசர்' தேர்வில் 1000:1000 (யூசர் எண், குழு எண்) போட்டு ரூட் அல்லாதவராக ஓட்டுங்கள். அந்த யூசர் தராசைத் தொட 'குரூப்-ஆட்' தேர்வில் 20 வேண்டும். உபுண்டுவில் இத்தகைய டிவைஸ்களைத் தொட உரிமையுள்ள டயல்அவுட் குழுவின் எண் அது. இதை மறப்பவர்கள்தான் 'பெர்மிஷன் டினைட்' பார்த்ததும் திரும்ப ப்ரிவிலேஜ்டுக்கே ஓடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை: வயரைப் பிடுங்கிச் செருகினால் டிவைஸ் பெயரின் கடைசியில் உள்ள 0 என்பது 1 ஆகிவிடலாம். '/டெவ்/சீரியல்/பை-ஐடி' அடியில் உள்ள நிலையான பெயரைக் கொடுங்கள். செருகிய பின் கன்டெய்னரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

கூடவே எல்லா அதிகாரங்களையும் பறிக்க 'கேப்-ட்ராப்' தேர்வில் 'ஆல்' என்றும், புதிதாக அதிகாரம் பெறாமல் தடுக்க 'நோ-நியூ-ப்ரிவிலேஜஸ்' தேர்வையும் சேருங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போல ரூட்டாகத் தொடங்கி வேறு யூசருக்கு இறங்கும் இமேஜ்கள் (கன்டெய்னருக்கான மூலக் கோப்புகள்) அதிகாரங்களைப் பறித்தால் அடம்பிடிக்கும். அவற்றுக்கு மட்டும் சோன் (கோப்பின் உரிமையாளரை மாற்றுவது), செட்யூஐடி, செட்ஜிஐடி (யூசரையும் குழுவையும் மாற்றுவது) ஆகிய அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கன்டெய்னர்களைக் கண்காணிக்கும் கருவிக்கு டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்குக் கட்டளை போகும் வாசலான கோப்பை) 'ரீட்-ஒன்லி' ஆகத்தான் கொடுத்திருக்கிறேன். ஆபத்து இல்லையே?
- வாசகர், திருமங்கலம்

பதில்: இருக்கிறது. ரீட்-ஒன்லி அந்தக் கோப்பின் உரிமைகளை மாற்ற முடியாமல் தடுக்கும், அவ்வளவே. சாக்கெட் வழியாகக் கட்டளை அனுப்புவதைத் தடுக்காது. கண்காணிப்புக் கருவியைக் கைப்பற்றியவன் கணினியின் முழு டிஸ்க்கையும் இணைத்து இன்னொரு கன்டெய்னரைக் கிளப்புவான். கன்டெய்னர்களின் எண்ணும் பட்டியலும் போதும் என்றால், இடையில் ஒரு ப்ராக்ஸி (கோரிக்கைகளை வடிகட்டும் இடைத்தரகர் சாஃப்ட்வேர்) வைத்து, தகவல் கேட்கும் 'கெட்' கோரிக்கைகளை மட்டும் விடுங்கள். ஊழியர்களை, டாக்கரைப் பயன்படுத்த உரிமையுள்ள 'டாக்கர்' குழுவில் சேர்ப்பதும் இதே கணக்குதான்: ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்ததற்குச் சமம்.