'செட்' என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?

கேள்வி: ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் கொண்ட சொல் 'செட்' என்கிறார்களே, உண்மையா? செட் தோசை, மைக் செட், பம்ப் செட், 'அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது' என்று நாம் தினமும் சொல்வதெல்லாம் அதே சொல்தானா?

ரொம்ப காலம் உண்மையாகத்தான் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் வந்தபோது, அதில் எல்லாவற்றையும்விட நீளமான விளக்கம் பெற்ற சொல் 'செட்'. 430 பொருள்கள், அதை விளக்க மட்டும் சுமார் 60,000 சொற்கள். ஒரு முழு நாவல் அளவு. அப்புறம் மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தி எழுதியபோது 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் கண்டிருக்கிறார்கள். ஆகவே முதலிடம் இப்போது 'செட்'டுக்கு இல்லை. ஆனாலும் நம் ஊர் வாயில் அதிகம் புழங்குவது 'செட்'தான் என்பேன்.

நான் காரைக்குடிக்காரன். வீட்டில் பழைய சாமான் வியாபாரம். முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் கடை. சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கடையிலும் சரி, வகுப்பிலும் சரி, இந்தச் சொல் காதில் விழாத நாள் கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். 430 பொருளையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது, செய்யவும் வேண்டாம். 'சிட்' என்றால் உட்கார். அதன் பிறவினைதான் 'செட்', அதாவது உட்கார வை. தமிழில் இரு, இருத்து என்கிறோம்; அமர், அமர்த்து என்கிறோம். அதே உறவுதான். பழைய ஆங்கிலத்திலேயே இந்த ஜோடி இருந்திருக்கிறது. ஒன்றை ஓரிடத்தில் இருத்தி, அது அங்கேயே நிற்கும்படி செய்தால் அது 'செட்'. மோதிரத்தில் கல் பதிப்பது, கடிகாரத்தில் அலாரம் வைப்பது, எலிப்பொறி வைப்பது, சாப்பாட்டு மேசையில் தட்டு அடுக்குவது, முறிந்த எலும்பை நேராக்கிக் கட்டுவது, அந்தக் காலத்து அச்சகத்தில் எழுத்துக் கோப்பது, பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது, விலை நிர்ணயிப்பது, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே வினை. சூரியன் மேற்கே இறங்குவதற்கும் இதே சொல். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு: பதி, வை, கட்டு, கோ, நிர்ணயி, மறை. இருத்துவது என்ற ஒரு நூலில் ஆங்கிலம் இத்தனையையும் கோத்துவிட்டது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டால் புதிய வாக்கியத்தில் வந்தாலும் பாதிப் பொருள் தானாகப் புரியும்.

இந்த வினைக்கு இறந்த காலமும் அதே வடிவம்தான், வால் எதுவும் ஒட்டாது. 'செட்டட்' என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

இருத்தினால் நிற்கும் என்பதிலிருந்து 'இறுகுவது' என்ற பொருள் பிறந்தது. தயிர் உறைவது, ஜெல்லி கட்டியாவது, சிமெண்ட் இறுகுவது எல்லாம் இதில் சேரும். இந்தப் பொருளைக் கண்ணால் பார்க்க ஆத்தங்குடிக்குப் போக வேண்டும். காரைக்குடியிலிருந்து பக்கம்தான். அங்கே டைல்ஸ் போடும் பட்டறையில் ஒருவர் கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து, அதன்மேல் சதுரச் சட்டத்தை வைப்பார். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகட்டு அச்சு. ஒவ்வொரு கண்ணறைக்குள்ளும் ஒவ்வொரு நிறச் சிமெண்ட் கரைசலைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார். சிவப்பு, மஞ்சள், பச்சை. அச்சை நேராக மேலே தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், கலக்காது. உடனே மேலே காய்ந்த சிமெண்ட்டும் மணலும் கலந்த தூளைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, அதன்மேல் கலவையைப் போட்டுக் கரணையால் மட்டம் தட்டி ஓரமாக வைப்பார். சூளையில் சுடுவது கிடையாது. காய்ந்து, தொட்டித் தண்ணீரில் ஊறி, இறுகித்தான் அது கல்லாகும். கண்ணாடியைப் பிரித்தால் அந்த வழவழப்பு அப்படியே டைல்ஸ் முகத்தில் நிற்கும்.

அந்தப் பட்டறையில் 'இன்னும் செட் ஆகல, தொடாதீங்கண்ணே' என்று ஒரு பையன் சொன்னால், அது ஆங்கிலச் சொல்லின் அச்சு அசல் பொருள். பொறியாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக்கூடாது, 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அந்த நேரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் 'செட்டிங் டைம்'தான். அகராதியைத் திறக்காமலே கொத்தனாரும் சித்தாளும் இந்தச் சொல்லைச் சரியான இடத்தில் வைக்கிறார்கள். இதை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன்.

இனி இரண்டாவது 'செட்'. ஒரு செட் பாத்திரம், ஒரு செட் நகை என்கிறோமே, அந்தப் பெயர்ச்சொல். இது வேறு வீட்டிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் 'செட்' என்று ஒரு சொல் இருந்தது. அதற்கு மூலம் லத்தீனில் 'செக்டா', ஒருவரைப் பின்பற்றிப் போகும் கூட்டம். சமயப் பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'செக்ட்' இதன் உடன்பிறப்பு. உட்கார வைக்கும் வினையும் கூட்டத்தைக் குறிக்கும் பெயரும் ஒரே ஒலியில் இருந்ததால், போகப் போக ஒன்றின் சாயல் மற்றதில் ஏறிவிட்டது. கணக்குப் பாடத்துக் கணம், டென்னிஸ் ஆட்டத்தின் ஒரு பகுதி, சீட்டில் ஒரே எண்ணுள்ள மூன்று சீட்டு, ஜிம்மில் ஒரு மூச்சில் செய்யும் பயிற்சி, எல்லாம் இந்தப் பெயர்ச்சொல்லின் பக்கம்.

எங்கள் ஊரில் இந்தப் பொருளுக்குப் பழைய சொல் அடுக்கு. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானை வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், பரப்பி வைக்கும்போது பித்தளை ஓர் அடுக்கு, எவர்சில்வர் ஓர் அடுக்கு, எனாமல் ஓர் அடுக்கு என்று வரிசையாக இருக்கும். பர்மாவிலிருந்து வந்த, மரவை என்னும் அரக்குப் பூச்சு மரப் பாத்திரங்களும் பெரிதிலிருந்து சிறிதுவரை ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும். இந்தச் சாமான்கள்தான் இரண்டு தலைமுறை கழித்து எங்கள் கடைக்கு வருகின்றன. வரும்போது பாதிக்கு மேல் முழுசாக இருப்பதில்லை. பாகம் பிரிக்கும்போது ஆளுக்கொன்றாகப் போயிருக்கும்.

ஒருமுறை ஓர் ஆச்சி எனாமல் டிபன் கேரியர் கொண்டுவந்தார். வெள்ளை உடம்பு, நீல விளிம்பு. அப்பா ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனியாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது கிண்ணத்தின் நீல விளிம்பு மற்றவற்றைவிட ஒரு நூல் தடிமன். மேலே வைத்தபோது ஒரு பக்கம் லேசாக ஆடியது.

"ஆச்சி, இது வேற அடுக்குலேருந்து வந்த கிண்ணம். செட்டு முறிஞ்சு போச்சே."

"பாகம் பிரிச்சப்ப அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) வீட்டுக் கிண்ணம் இங்க வந்துருச்சு தம்பி. சோறு வச்சா ஒழுகவா செய்யுது?"

ஒழுகாதுதான். ஆனால் வாங்க வருபவர் செட்டாக இருந்தால் ஒரு விலை, முறிந்தால் வேறு விலை என்பார். வியாபாரத்தில் 'செட்டு' என்பதன் பொருள் இதுதான்: எத்தனை இருக்கிறது என்பதல்ல, ஒன்றுக்கொன்று பிறந்ததா என்பது. அப்பா அந்தக் கேரியரை வாங்கிக்கொண்டார், விலையைத் தனிக் கிண்ணக் கணக்கில் போட்டு.

சினிமா செட் முதல் வகையைச் சேர்ந்தது. மேடையில் பொருட்களை இடம் பார்த்து இருத்தி வைப்பதால் அந்தப் பெயர். இதிலும் எங்கள் ஊருக்குப் பங்கு உண்டு. 1940-களில் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் ஏவி.எம். ஸ்டுடியோவைத் தொடங்கியது சென்னையில் இல்லை. காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். அப்புறம்தான் ஏவி.எம். கோடம்பாக்கம் போனது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். பெரிய செட்டிநாட்டு வீடுகள் நிறைந்த கானாடுகாத்தானிலும் சுற்று ஊர்களிலும் நிஜ வீட்டிலேயே படம் எடுக்கிறார்கள். பார்க்கிறவர்கள் செட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேக்குத் தூண்களையும் சலவைக்கல் தரையையும் அட்டை என்று நினைப்பதைக் கேட்டால் எனக்கு உள்ளபடியே வருத்தம்.

சரி, கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். பம்ப் செட், மைக் செட், ரேடியோ செட், பல் செட் எல்லாம் 'சேர்ந்து இயங்கும் பாகங்களின் தொகுதி' என்ற ஆங்கிலப் பொருளிலேயே வந்தவை. செட் தோசையும் அப்படியே; கர்நாடகப் பக்கம் இரண்டு மூன்றைச் சேர்த்துத் தட்டில் வைப்பதால் பெயர். 'அவன் எங்க செட்டு' என்றால் எங்கள் வயதுக்காரன், கூடப் படித்தவன். ஆங்கிலத்திலும் பழகும் கூட்டத்துக்கு இந்தச் சொல் உண்டு. ஆனால் 'செட் ஆகாது' என்பது நாம் உண்டாக்கியது. சட்டை செட் ஆகல, வேலை செட் ஆகல, ரெண்டு பேருக்கும் செட் ஆயிடுச்சு என்று நாம் சொல்லும் 'பொருந்துதல்' என்ற பொருளை ஆங்கிலக்காரர் இப்படிச் சொல்வதில்லை. இதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு, 'திஸ் ஜாப் இஸ் நாட் செட் ஃபார் மி' என்று விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். எதிரில் இருப்பவருக்குப் புரியாது. அங்கே 'சூட்' என்ற சொல்தான் வேண்டும். தமிழில் பேசும்போது தாராளமாகச் 'செட் ஆகல' என்று சொல்லுங்கள். அது தமிழாகிவிட்ட சொல், அதைக் கொச்சை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

'ஆள் செட் பண்ணிட்டான்', 'எல்லாம் செட்டிங்' என்பவையும் நம் சரக்கு. முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு, பெரும்பாலும் பொய்யான ஏற்பாடு.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு 'செட்டு' இருக்கிறது. அது ஆங்கிலமே இல்லை, நல்ல தமிழ். வாணிகம், சிக்கனம் என்று இரண்டு பொருள் அதற்கு. 'கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துறா' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'கையில காசு இருக்கறப்பவே செட்டா செலவழி' என்றால் செட் செட்டாக வாங்கு என்று பொருளல்ல, நேர் எதிர். வணிகர்கள் வாழும் இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. புதிய தலைமுறை இதையும் ஆங்கிலம் என்று நினைத்துக் கைவிட்டுவிடுமோ என்பதுதான் என் கவலை.

கடைசியாக, வெளிநாடு போகிறவர்களுக்குப் பயன்படும் சில வழக்குகள். அமெரிக்காவில் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் பரிமாறுபவர் 'ஆர் யூ ஆல் செட்?' என்று கேட்டால், 'வேறு ஏதாவது வேண்டுமா, பில் கொண்டுவரலாமா?' என்று அர்த்தம். ஒரு பொருள் உங்களை இவ்வளவு 'செட் பேக்' செய்தது என்றால் அவ்வளவு செலவு வைத்தது என்று பொருள். ஆஸ்திரேலியாவில் 'டெட் செட்' என்றால் 'சத்தியமாக' என்று அர்த்தம். சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் தெருப்பேச்சில் 'செட்' என்பது ரவுடிக் கும்பலின் ஒரு கிளை, ஆகவே 'வாட் செட்?' என்ற கேள்வி அங்கே நட்பான விசாரிப்பு ஆகாது. பிரிட்டனில் பேட்ஜர் என்ற விலங்கின் வளைக்கும் இதே பெயர், எழுதும்போது ஒரு 'டீ' கூடச் சேர்ப்பார்கள்.

'செட்டப்' என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒருவரை 'செட் அப்' செய்வது என்றால் செய்யாத குற்றத்தில் மாட்டிவிடுவது, அல்லது இருவரைச் சந்திக்க வைத்துப் பழகவிடுவது. எது என்பதை வாக்கியத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் எல்லாம் அழகாகப் பொருத்தியிருந்தால் 'நைஸ் செட்டப்' என்று பாராட்டுவார்கள். அதே பாராட்டை நம் ஊரில் ஒரு பெரியவரிடம், 'உங்க செட்டப் நல்லாருக்கு' என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே அதற்குச் சின்ன வீடு என்று பொருள்.