குளக்கட்டில் கமரா எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் 2 நிமிட அனிமேஷன் செய்கிறோம். பள்ளி விட்டு வந்த பேத்தி, வீட்டில் அம்மம்மாவைக் காணாமல் சைக்கிளில் குளக்கட்டு வழியே தேடிப் போகிறாள். பார்த்தவர்கள் எல்லோரும் "பிள்ளை ஏன் பாதி வழியில திரும்பி வாறா?" என்று கேட்கிறார்கள். அவள் திரும்பவே இல்லை. எங்கே பிழை?
– மாணவி, கிளிநொச்சி

பதில்: உங்கள் கமரா கட்டைத் தாண்டி மறுபக்கம் போயிருக்கிறது. இரணைமடுவோ வவுனிக்குளமோ, எந்தக் கட்டில் ஏறினாலும் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் தாழ்ந்த நிலம். வயல் பக்கம் நிற்பவருக்கு இடமிருந்து வலமாகப் போகும் சைக்கிள், தண்ணீர்ப் பக்கம் நிற்பவருக்கு வலமிருந்து இடமாகத்தான் தெரியும். இரண்டு ஷொட்டையும் (காட்சித் துண்டையும்) அடுத்தடுத்து ஒட்டினால் பிள்ளை திரும்பி வருவதுபோல இருக்கும். பார்ப்பவருக்கு உங்கள் முப்பரிமாண உலகம் தெரியாது. திரையின் இடமும் வலமும்தான் தெரியும்.

ஆகவே குளக்கட்டையே கமரா தாண்டக்கூடாத கோடாக வைத்து, ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுங்கள். வயல் பக்கம், கட்டின் அடியில் கமராவைத் தாழ்வாக வைத்தால் தண்ணீர் மறையும். சைக்கிளும் பிள்ளையும் வானத்தில் கறுப்பு உருவமாகத் துலங்குவார்கள். தேடல் காட்சிக்கு எங்கள் தெரிவு அதுதான். குளத்தின் பரப்பைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் இரண்டு பக்கத்தையும் இணைக்க நடுவில் ஒரு ஷொட் வேண்டும். கட்டின் நடுவே கமராவை வைத்து, சைக்கிள் நேர் எதிரே வருவதை 2 செக்கன் காட்டுங்கள். அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. அதன் பின் தண்ணீர்ப் பக்கம் போனால் யாரும் குழம்பமாட்டார்கள். ஒரே ஷொட்டுக்குள் கமரா கட்டைக் கடப்பதைக் கண்முன்னே காட்டினாலும் சரி.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரே ஆளை அடுத்தடுத்த இரண்டு ஷொட்டில் காட்டும்போது கோணம் குறைந்தது 30 பாகையாவது மாறவேண்டும். உருவத்தின் அளவும் தெளிவாக மாறவேண்டும். 10 பாகை மட்டும் நகர்த்தி வெட்டினால் படம் தடக்கியதுபோல இருக்கும்.

வெட்டு, அதாவது ஒரு ஷொட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம், வழுக்கிக்கொண்டு போகிறதா என்று அறிய விரல் போதும். ஷொட்டின் கடைசி பிரேமில் (தனிப் படத்தில்) நிறுத்தி, உங்கள் கண் நிற்கும் இடத்தில், பிள்ளையின் முகம் என்றால் முகத்தில், விரலை வையுங்கள். விரலை எடுக்காமல் அடுத்த பிரேமுக்குப் போங்கள். அடுத்த ஷொட்டில் பார்க்கவேண்டிய பொருள் விரலுக்கு அருகில் இருந்தால் நல்லது. திரையின் மறு ஓரத்தில் இருந்தால் ஒன்றில் சட்டகத்தை மாற்றுங்கள், அல்லது முக்கிய அசைவை 6 முதல் 8 பிரேம் பிந்தித் தொடங்குங்கள். கண் போய்ச் சேர அந்த நேரம் தேவை. அம்மம்மாவின் செருப்பு கட்டோரம் கிடப்பது போன்ற சின்னப் பொருள்கள் இப்படித்தான் கவனத்தில் படாமலே தவறிப்போகின்றன.

இதையெல்லாம் முழு அசைவும் செய்து முடித்த பிறகு திருத்துவது பெரும்பாடு. வெறும் பெட்டி உருவங்களை வைத்து, ஒலியோடு 2 நிமிடத்தையும் முதலில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஷொட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் 8 பிரேம் கூடுதலாக விடுங்கள்; வெட்டை முன்பின் நகர்த்த உதவும்.

கேள்வி: ஒரே கமராவுக்குக் கீ பிரேம் (எந்தப் பிரேமில் எங்கே நிற்கவேண்டும் என்ற குறி) போட்டு ஷொட் மாற்றுகிறேன். மாறும் இடத்தில் கமரா பறப்பதுபோல வருகிறது. சில இடங்களில் ஒரு பிரேம் மட்டும் மங்கிப்போகிறது.
– மாணவர், முல்லைத்தீவு

பதில்: 96ஆம் பிரேமில் ஒரு கீயும் 100இல் அடுத்த கீயும் இருந்தால், இடையிலுள்ள 3 பிரேமையும் பிளெண்டரே நிரப்பும். அதுதான் பறப்பு. 96, 97 என்று ஒட்டவைத்தால் பறப்பு போய்விடும், ஆனால் மோஷன் பிளர் (அசைவை மங்கலாகக் காட்டும் வசதி) போட்டிருந்தால் இரண்டு பிரேமுக்கும் இடைப்பட்ட நகர்வையும் கணக்கிலெடுத்துப் படத்தை இழுத்துவிடும். கீயைத் தெரிவுசெய்து T விசையை அழுத்தி, அடுத்த கீ வரை அசையாமல் நிற்கும் கொன்ஸ்டன்ட் வகைக்கு மாற்றலாம். ஆனாலும் ஷொட்டுக்கு ஒரு கமரா என்பதே சிறந்த வழி. டைம்லைனில் (பிரேம்கள் வரிசையாகத் தெரியும் பட்டையில்) வெட்டு விழும் பிரேமில் M விசையால் மார்க்கர் என்ற அடையாளம் போடுங்கள். உரிய கமராவைத் தெரிவுசெய்து, சுட்டியை டைம்லைன் மேல் வைத்து கொன்ட்ரோலும் B விசையும் சேர்த்து அழுத்துங்கள்; அந்த மார்க்கரோடு கமரா இணையும். அதன் பிறகு மார்க்கரை நகர்த்தினால் வெட்டும் கூடவே நகரும்.

கேள்வி: அம்மம்மா அழும் இடத்தில் கமராவை அவரைச் சுற்றிவரச் செய்தோம். முகமும் ஏதோ வீங்கினதுபோல இருக்கிறது.
– மாணவர், வவுனியா

பதில்: முகம் வீங்கக் காரணம் அகலக் கோண லென்ஸ் அல்ல, கமரா மிகக் கிட்ட நிற்பது. 18 மில்லிமீற்றர் லென்ஸில் முகத்தைச் சட்டகம் நிறையக் காட்டவேண்டுமானால் மூக்கருகே போகவேண்டும். மூக்கு பெருக்கும், காது சிறுக்கும். 70 முதல் 85 வரை வைத்துப் பின்னுக்குப் போங்கள். இருவரும் சேர்ந்து வரும் ஷொட்டுக்கு 35 முதல் 50 வரை பொருந்தும்.

சுற்றுவதை நிறுத்துங்கள். பின்னணி ஓடும்போது கண் பின்னணிக்குத்தான் போகும். அம்மம்மாவின் உதடு நடுங்குவதற்கு நீங்கள் பட்ட பாடெல்லாம் வீணாகும். கமராவை அசையாமல் வையுங்கள். அவர் தலையைக் குனியத் தொடங்கி 3, 4 பிரேம் கழித்து, விரும்பினால், மெல்லக் கீழே இறக்குங்கள். இரண்டே கீ போதும். நடுவில் மூன்றாவது கீ போட்டால் அந்த இடத்தில் கமரா ஒருமுறை தயங்கக்கூடும்.