வாசகர் கேள்வி பதில்: சிமெண்ட் தரையில நெல்லு விளையுமா?

கேள்வி: நான் ஒரு ஆரம்பப் பள்ளியில மூணாம் வகுப்பு டீச்சர். ஸ்கூல்ல மண் தரையே கிடையாது, பூரா சிமெண்ட். விவசாயம் பத்தி பாடம் எடுக்கும்போது அரிசி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டேன், ரேஷன் கடைன்னு சொல்றாங்க. படம் வரைஞ்சு காட்டினா மட்டும் பத்தாதுன்னு தெரியுது, ஆனா இடமில்லாம என்ன பண்றது?
- ஒரு டீச்சர், வியாசர்பாடி

பதில்: டீச்சர், பசங்க சொன்னது தப்பே இல்ல, அவங்க கண்ணால பாத்தது ரேஷன் கடையத்தான். அங்கேர்ந்தே ஆரம்பிங்க. ரெண்டு கொட்டாங்குச்சி எடுத்து ஒண்ணுல ரேஷன் அரிசி, இன்னொண்ணுல நெல்லு போட்டு, ராத்திரி பூரா ஊற வெச்சு தண்ணிய வடிச்சிட்டு ஈரத்துணியால மூடி வையுங்க. ரெண்டு மூணு நாள்ல நெல்லு வெள்ளையா மூக்கு விடும், அரிசி அப்படியே கெடந்து புளிச்ச வாடை அடிக்கும். ஏன் மிஸ்னு அவங்களே கேப்பாங்க. மில்லுல தீட்டும்போது தவிட்டோட முளைக்கருவும் போயிடுது, புழுங்கல் அரிசின்னா நெல்லா இருக்கும்போதே அவிச்சிடுறாங்க, அப்புறம் எங்கேர்ந்து முளைக்கும்? இதை ஒரு தடவை பாத்த குழந்தைக்கு விதைக்கும் சாப்பாட்டுக்கும் வித்தியாசம் மறக்காது.

முளைச்ச நெல்ல அப்படியே ஒரு ஓட்டையில்லாத பழைய பெயிண்ட் பக்கெட்டுல நடுங்க, நல்லா கழுவிட்டு முக்கால் பாகம் களிமண்ணும் கொஞ்சம் மக்குன எருவும் போட்டா போதும். ஊர்ப்பக்கம், பொன்னேரி திருவள்ளூர்னு சொந்தக்காரங்க இருக்குற பசங்க கிட்ட சொன்னா ஒரு பிடி விதைநெல்லு வந்துடும். 110 நாள் ரகமா கேளுங்க. செப்டம்பர் பாதிக்கு மேல போட்டா பொங்கலுக்கு முன்னாடி கதிர் அறுக்கலாம், நடுவுல வடகிழக்குப் பருவமழை வர்றதால தண்ணி ஊத்துற வேலையும் பாதி குறையும்.

இந்தக் காலக்கணக்கு ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, நானே அதுல தப்பு பண்ணிருக்கேன். டீச்சரா இருந்தப்ப பசங்களோட சேர்ந்து மார்ச் மாசம் தக்காளி நட்டோம், பரீட்சை வந்துச்சு, மே லீவு வந்துச்சு, தண்ணி ஊத்த ஆளில்ல. ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் பசங்க பையக் கூட வெக்காம ஓடிப் போய் பாத்தா வெறும் குச்சி. ஒரு பொண்ணு அந்த குச்சிக்கு தண்ணி ஊத்திட்டு நின்னா. இன்னிக்கும் அது என் மனசுல இருக்கு. அதனால பயிர ஸ்கூல் காலண்டருக்கு ஏத்த மாதிரி எடுங்க. ஜூன் ஜூலைல வெந்தயக்கீரை, ஒரு மாசத்துக்குள்ள பறிச்சிடலாம், அப்புறம் நெல்லு.

பக்கெட்டுல தண்ணி நின்னா கொசு வரும், டெங்கு பயத்துல ஹெச்எம் வேணாம்னு சொல்லலாம். எப்பவும் தண்ணி நிக்கணும்னு நெல்லுக்கு அவசியமில்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமா, அதாவது மண்ணை காயவிட்டு காயவிட்டு தண்ணி விடணும்னு விவசாயிங்க சொல்வாங்க. நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை தண்ணிய சாச்சு விட்டுட்டு மண்ணு லேசா காயட்டும், மழை நாள்லயும் இத விடாதீங்க. கொசு முட்டையிலேர்ந்து பறக்குற கொசுவாக ஒரு வாரமாவது ஆகும், அதுக்குள்ள புழு செத்துடும். சாய்க்குறதுக்கு முன்னாடி அந்தப் புழுவ ஒரு கண்ணாடி பாட்டில்ல எடுத்து பசங்களுக்கு காட்டுங்க, அதுவும் பாடம்தான்.

கதிர் வெளிய வந்தப்புறம் காலைல ஒன்பது பத்து மணிக்கு மேல போய் பாக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு நெல்லும் வாய் தொறந்து சின்னச் சின்ன மகரந்தப் பை தொங்கும், கொஞ்ச நேரத்துல மூடிக்கும். அரிசிக்கு பூ இருக்கான்னு பெரியவங்களே ஆச்சரியப்படுவாங்க. அப்புறம் பால் பிடிக்குற சமயத்துல ஒரே ஒரு நெல்ல நசுக்கிப் பாருங்க, வெள்ளையா பால் வரும், அந்தப் பால் இறுகித்தான் அரிசி.

கேள்வி: என் பையன் நாலாவது படிக்கிறான். தண்ணிய சேமிக்கணும்னு ஸ்லோகன் எழுதுறான், வீட்ல குழாய தொறந்து விட்டுட்டுப் போறான். எப்படி புரிய வெக்கிறது?
- ஒரு அம்மா, குரோம்பேட்டை

பதில்: கணக்கு போட விடுங்கம்மா. நேரான சுவர் இருக்குற ஒரு டப்பாவ மழை நாள்ல மொட்டை மாடியில வெச்சு, ஸ்கேல் விட்டு அளக்கச் சொல்லுங்க. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடியில 50 மில்லிமீட்டர் பெஞ்சா ஏறக்குறைய 4,600 லிட்டர், 15 லிட்டர் குடத்துக்கு 300 குடத்துக்கு மேல. அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு பைப்ப புடிச்சிக்கிட்டே அவனை கீழ வரைக்கும் வரச் சொல்லுங்க. மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயமாச்சு, ஆனா பல வீட்ல குழி மண்ணடைஞ்சு கெடக்கு. 2019 கோடையில சென்னைக்கு குடிதண்ணி தர்ற பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டப்ப நீங்க லாரிக்காக காத்து நின்னிருந்தா, அத அவன்கிட்ட கதையா சொல்லுங்க.

கேள்வி: கிளாஸ்ல கம்போஸ்ட் தொட்டி வெச்சோம், நாத்தம் தாங்கல. மூடிடலாமா?
- ஒரு டீச்சர், தண்டையார்பேட்டை

பதில்: மூடாதீங்க. சோறு, குழம்பு, சாப்பாட்டு மிச்சம் போட்டிருப்பீங்க, அத நிறுத்துங்க. பழத்தோல், காய்த்தோல் ஒரு பங்கு போட்டா காஞ்ச இலை ரெண்டு பங்கு போட்டு கிளறி விடுங்க. ஸ்கூல் பக்கத்துல பாதாம் மரம் இருந்தா அந்த இலையெல்லாம் கூட்டி எரிக்க விடாம, நொறுக்கி ஒரு சாக்குல கட்டி தொட்டி பக்கத்துலயே வெச்சுக்குங்க.