கோடையில் முற்றத்துக்குத் தண்ணீர்: நீங்கள் கேட்டதும் என் பதிலும்

சோளகக் காற்று தொடங்கியதிலிருந்து வன்னி முழுக்க இதே பேச்சுத்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பரந்தன்: குழாய்த் தண்ணீரைப் பூமரத்துக்கும் புல்லுக்கும் விட வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். எங்கட முற்றத்தில் 4 பேர்ச் மலேசியன் புல் இருக்கு. காசு கட்டித்தானே எடுக்கிறோம் அண்ணை?

கணக்கைப் பாருங்கள். 4 பேர்ச் என்றால் ஏறக்குறைய 100 சதுர மீற்றர். இந்த வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஈரம் போகிறது என்று வைத்தால், அதை ஈடுகட்ட 500 லீற்றர் வேண்டும். மாதத்துக்கு 15,000 லீற்றர், அதாவது 15 அலகு (ஒரு அலகு 1,000 லீற்றர்). நாலு பேர் உள்ள வீடு குளித்து, சமைத்து, துவைக்கிறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பின்னேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹோஸைத் திறந்தால், குழாய் முடிகிற இடத்தில் இருக்கிற வீட்டுக்குக் காற்றுத்தான் வரும். அங்கேயும் கைக்குழந்தை இருக்கும், வயசாளிகள் இருப்பார்கள். காசு கட்டினாலும் இது சரியில்லை.

மலேசியன் புல் அகன்ற இலை, நிழலும் ஈரமும் கேட்கிற சாதி. நம்முடைய அறுகு அப்படியில்லை. மேலே வைக்கோல் மாதிரிக் காய்ந்து கிடக்கும், ஒரு கொடியைக் கிள்ளிப் பாருங்கள், கணு வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. அறுகுபோல் வேரோடி என்று மணமக்களை வாழ்த்துவது இதைப் பார்த்துத்தான். ஐப்பசி மழைக்குத் தானாகத் துளிர்க்கும். இப்போது புல் வெட்டவும் வேண்டாம், வெட்டினால் மண் இன்னும் சுடும்.

மாங்குளம்: சொந்தக் கிணறு. எங்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு இருக்கா?

அறிவித்தல் குழாய்த் தண்ணீருக்கு. ஆனால் கிணறு உங்களுடையது என்றாலும் நிலத்தடி நீர் ஊருக்குப் பொது. குளத்தில் தண்ணீர் நிற்கும் வரைக்கும் பக்கத்துக் கிணறுகளும் நிற்கும், குளம் வற்ற அவையும் இறங்கும். நான் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கிணற்றுக் கட்டில் கட்டி வைத்திருக்கிறேன். மோட்டர் போட முதல் ஒருக்கா, நிற்பாட்டின பிறகு ஒருக்கா பார்ப்பேன். அடுத்த நாள் காலையிலும் பழைய முடிச்சுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் நான் இறைப்பதைக் குறைப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

பூநகரி: தண்ணீர் உவர்க்கத் தொடங்கிவிட்டது. கிணற்றை ஆழமாக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். கடற்கரை மண்ணில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் நிற்கிறது. நல்ல தண்ணீர் 1 அடி இறங்கினால், கீழே உப்பு ஏறக்குறைய 40 அடி மேலே வரப் பார்க்கும். ஆழமாக்கினால் நீங்களே உப்பைத் தேடிப் போகிறீர்கள். ஒரேயடியாக இறைக்காமல் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் எடுங்கள்.

நெடுங்கேணி: இரண்டு மாங்கன்று, ஒரு தென்னம்பிள்ளை. எப்படித் தப்ப வைக்கிறது?

இருக்கிற தண்ணீரை இவற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும். புல் திரும்ப வரும், பட்ட கன்று வராது. மாங்கன்றுக்கு ஒரு முழம் தள்ளி மண்முட்டி ஒன்றைக் கழுத்தளவு புதையுங்கள், அடியில் சின்ன ஓட்டை, அதில் பழந்துணித் திரி. நிரப்பி மூடிவிட்டால் தண்ணீர் வேரடியில் மெதுவாகக் கசியும், மேல்மண் நனையாததால் வெயில் குடிப்பது குறைவு. மூடாமல் விட்டால் நுளம்பு பெருகும். தென்னைக்குப் பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கிப் புதையுங்கள், மழை பெய்தாலும் ஊற்றினாலும் அது பிடித்து வைத்திருக்கும். மேலே சருகு போட மறக்க வேண்டாம்.

முள்ளியவளை: குளிக்கிற தண்ணியை விடலாமா?

வாழைக்கு, தென்னைக்குத் தாராளமாக விடலாம். கீரைக்கு வேண்டாம். வெளுக்கிற மருந்து கலந்த தண்ணீர் எதற்கும் வேண்டாம். சேர்த்து வைக்காமல் அன்றைக்கே ஊற்றிவிடுங்கள், அடுத்த நாள் மணக்கும்.

கிளிநொச்சி: ஆடியில் கனடாவிலிருந்து மாமா குடும்பம் வருது. முற்றம் பச்சையாக இருக்க வேணும் என்று அம்மா நிற்கிறா.

அம்மாவின் ஆசை எனக்கு விளங்குகிறது தங்கச்சி. புல்லை விட்டுவிட்டு, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கமாக இரண்டு செவ்வரத்தை வையுங்கள், வாசலில் பட்டிப்பூ. பட்டிப்பூ இந்த வெயிலையும் தாங்கிப் பூக்கும். மண்முற்றத்தை விடியக் கூட்டி, கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், அந்த மண் வாசத்துக்கே மாமா படலையில் நின்றுவிடுவார்.