காதலர் தினத்துக்கு முட்டையில் கலர்ஃபுல்லாக ஸ்டார்ட்டர் செய்ய முடியுமா? பீட்ரூட் போட்டால் சாயம் ஒழுங்காகப் பிடிக்குமா?

நன்றாகவே பிடிக்கும், வினிகர் சேர்த்தால். வெறும் பீட்ரூட் தண்ணீரில் முட்டையைப் போட்டுவிட்டு "கலரே ஏறல, திட்டுத்திட்டா இருக்கு" என்று புலம்புபவர்கள் எல்லோரும் விட்டது இந்த ஒன்றைத்தான். பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணமான பீட்டானின் (betanin) என்ற நிறமி புளிப்பில் நிலையாக நிற்கும். வெள்ளைக்கருவோ புளிப்புக்கு நேரெதிரான காரத்தன்மை (alkaline) கொண்டது. முட்டை பழசாக ஆக அது pH (புளிப்பையும் காரத்தையும் அளக்கும் எண்) 9-ஐத் தாண்டும். அதனால் புளிப்பு இல்லாமல் ஊறவைத்தால் நிறம் மங்கிவிடுகிறது. இன்னொரு எதிரி சூடு. பீட்ரூட்டை அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் பழுப்படிக்கும்.

ஓவன் இல்லாத சாதாரண சமையலறை, பிப்ரவரி 14 மாலை இருவர் மட்டும், மிஞ்சினால் மறுநாள் காலை சாப்பிடலாம் என்ற கணக்கில் எட்டு முட்டைக்குச் சொல்கிறேன். செய்யப்போவது அமெரிக்கர்கள் விருந்துகளில் வைக்கும் டெவில்ட் எக். அவித்த முட்டையை நீளவாக்கில் பிளந்து, மஞ்சள்கருவை மசித்துக் கலந்து, அந்தக் குழியிலேயே திருப்பிப் பிழிவது. பீட்ரூட் வினிகரில் முட்டையை ஊறவைப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய வம்சாவளிக் குடும்பங்களின் பழைய ஊறுகாய் முறை. இரண்டையும் சேர்த்தால் நீங்கள் கேட்ட ரோஸ் நிற முட்டை வந்துவிடும்.

முட்டை அன்றைக்கு இட்டதாக இருந்தால் உரிக்கும்போது பிய்ந்து வரும். ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் இருந்த முட்டைதான் இதற்கு லாயக்கு. அவிப்பதற்கு முந்தைய இரவு அட்டையோடு பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், மஞ்சள்கரு ஓரளவு நடுவுக்கு வரும். தண்ணீர் கொதித்த பிறகு கரண்டியால் ஒவ்வொன்றாக மெல்ல இறக்கி, தீயைக் குறைத்து 11 நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் 10 நிமிடம். பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பை மூட்டும் வழக்கம் வேண்டாம். மெதுவாகச் சூடேறும்போது வெள்ளைக்கரு ஓட்டின் உட்தோலோடு ஒட்டிக்கொள்ளும். நேரம் கூடினால் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்வதால் வருவது அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ரோஸ் நிறத்துக்குப் பக்கத்தில் பார்க்கச் சகிக்காது. உரிக்கும்போது காற்றுக்குழி இருக்கும் மொண்ணை முனையில் தட்டித் தொடங்கி, தண்ணீருக்குள் வைத்தே உரியுங்கள்.

ஊறல் நீருக்கு நடுத்தர அளவு பீட்ரூட் ஒன்று, சுமார் 150 கிராம். தோல் சீவி மெல்லிய வில்லைகளாக நறுக்கி, 300 மில்லி தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு 15 நிமிடம் மூடி வேகவைத்து வடித்தால் 250 மில்லி அளவு கிடைக்கும். அதே அளவு வினிகர், மூன்று டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, கிராம்பு நான்கு, ஒரு துண்டு பட்டை. சர்க்கரை கரைந்ததும் முழுக்க ஆறவிடுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம்தான், அமெரிக்கக் குறிப்புகள் 5 சதவீதத்தை நினைத்து எழுதியவை. அதனால் வினிகரின் அளவைக் குறைக்க வேண்டாம். எலுமிச்சை பிழிந்து சமாளிக்கலாமே என்று கேட்பீர்கள். நிறம் வரும், நாள் கணக்கில் வைத்திருக்க நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். முழு முட்டையாக ஊறவைத்துப் பிறகு வெட்டினால் வெளியே ரோஸ், உள்ளே வெள்ளை, நடுவில் மஞ்சள் என்று மூன்று நிற வளையம் தெரியும். எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டு மூன்று மணி நேரத்தில் மெல்லிய ரோஸ் கோடு விழும், ஒரு ராத்திரியில் தடித்த பட்டை. இரண்டு நாளைத் தாண்டினால் சாயம் மஞ்சள்கருவைத் தொடும், வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி இறுகும். நேரம் இல்லையென்றால் முதலிலேயே பிளந்து மஞ்சள்கருவை எடுத்துவிட்டு, கிண்ணம் போல இருக்கும் வெள்ளைக்கருப் பாதிகளை மட்டும் 20 நிமிடம் முக்கினால் போதும், உள்ளும் புறமும் ரோஸ் ஆகிவிடும். எந்த முறையானாலும் முட்டைகள் ஒன்றையொன்று தொட்ட இடம் வெள்ளையாக நிற்கும், நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். எடுத்தபின் டிஷ்யூ பேப்பரில் ஒற்றி ஈரத்தை முழுக்க எடுக்காவிட்டால் பூரணத்தில் சிவப்பு கசியும்.

ஊறுவது ஃப்ரிட்ஜுக்குள்தான் நடக்க வேண்டும். சாயம் சீக்கிரம் ஏறட்டும் என்று முட்டையைப் பல்குச்சியால் குத்தும் வேலை கூடவே கூடாது. 1997-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒருவர் பீட்ரூட், மிளகாய், வினிகர் சேர்த்து ஊறவைத்த முட்டையைச் சாப்பிட்டு பாட்டுலிசம் என்ற கடும் நச்சுநோய்க்கு ஆளானார். முட்டைகளைக் குத்தியிருந்தார், ஜாடியை வெளியிலேயே வைத்திருந்தார். புளிப்பு ஏறாத மஞ்சள்கருவுக்குள் கிருமி போய்விட்டால் வெளியே இருக்கும் வினிகரால் பயனில்லை. பயமுறுத்துகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். பரவாயில்லை.

பூரணத்துக்கு எட்டு மஞ்சள்கருவையும் சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். முள்கரண்டியால் மசித்தால் தங்கும் கட்டி, பிழியும்போது பையின் நோசலை (கூம்பு முனையை) அடைக்கும். நான்கு டேபிள்ஸ்பூன் மயோனைஸ், ஒரு டீஸ்பூன் கடுகு பேஸ்ட், அரை டீஸ்பூன் வினிகர், கால் டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள். உருவம் நிற்பதற்கு ஒரு டீஸ்பூன் இளகிய வெண்ணெய். மயோனைஸை வீட்டில் பச்சை முட்டையில் அடிக்காதீர்கள். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. கடையில் கிடைக்கும் முட்டையில்லா மயோனைஸ் சற்று இனிக்கும், கடுகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மயோனைஸே வேண்டாம் என்பவர்கள் துணியில் கட்டி நீர் இறக்கிய தயிரைச் சேர்க்கலாம். ஆனால் அது அரை மணி நேரத்தில் நீர்விடத் தொடங்கும், பரிமாறும் நேரத்தில்தான் பிழிய வேண்டும்.

ரோஸ் மட்டும் போதாது என்றால் மஞ்சளுக்கு 250 மில்லி வெந்நீரில் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள், இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகர். ஆறியதும் அரை மணி நேரம். ஊதாவுக்கு உலர்ந்த சங்குப்பூ பதினைந்தை 200 மில்லி வெந்நீரில் போட்டு, நீலம் இறங்கியதும் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், கண்ணெதிரே ஊதாவாக மாறும். சாயக் கிண்ணங்களைத் தனித்தனியாக வையுங்கள், மஞ்சளும் பீட்ரூட்டும் கலந்தால் செங்கல் நிறம்தான்.

கலர் பவுடர் விஷயத்துக்கு வருகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். லேபிள் இல்லாத பொட்டலத்தில் விற்கும் ரோஸ் பவுடரைக் கரைத்து முட்டையை முக்கும் வீடியோக்கள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வருகின்றன. 2024-ல் இதே பிப்ரவரியில்தான், துணிச்சாயமான ரோடமைன்-பி இருந்ததால் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அதற்குப் பிறகும் "கலர் எந்தக் கடையில் வாங்கலாம்" என்று குழந்தை வைத்திருப்பவர்களே கேட்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது. அனுமதிக்கப்பட்ட நிறமிகளும் இருக்கின்றன என்று திருத்த வருபவர்களுக்கு: இருக்கின்றன, லேபிளைப் படித்து வாங்குங்கள். பத்து ரூபாய் பீட்ரூட் வீட்டில் இருக்கும்போது எதற்கு என்பதுதான் என் கேள்வி. காதலர் தினம் நம் பண்பாடா என்று கேட்பவர்கள் திருமண நாளுக்குச் செய்துகொள்ளட்டும், முட்டை அதேதான்.

இதய வடிவம் வேண்டுமென்றால் ஜூஸ் அட்டைப் பெட்டியை வெட்டி V வடிவில் மடியுங்கள். முட்டையை ஐஸ் தண்ணீரில் முழுக்க ஆறவிடாமல், கை பொறுக்கும் சூட்டிலேயே உரித்து அதில் படுக்கவைத்து, மேலே நீளவாக்கில் ஒரு மரக்குச்சியை அழுத்தி இரு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு, ஃப்ரிட்ஜில் 20 நிமிடம். ஆறிய முட்டையை அழுத்தினால் வெடித்துவிடும். பிறகு ஊறவைத்து, குறுக்கே வெட்டினால் இதயம் தெரியும். இதில் பூரணம் வைக்க முயலாதீர்கள், ஓரம் கிழியும். உப்பும் மிளகும் தூவி அப்படியே வையுங்கள். டெவில்ட் எக் மேல் இதயம் வேண்டுமென்றால் செர்ரி தக்காளியைச் சாய்வாக இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் திருப்பி ஒட்டவைத்தால் வந்துவிடும். அதோடு ஒரு சிட்டிகை காஷ்மீரி மிளகாய்த்தூள். மாதுளை முத்து அழகுதான், பிழிந்த பூரணத்தில் நீர் விடும், கடைசி நிமிடத்தில் வையுங்கள்.

பரிமாறும்போது முட்டை வழுக்கி ஓடாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய சீவல் எடுத்துத் தட்டையாக்குங்கள். ரோஸ் முட்டையின் அடியில் வெள்ளை தெரிந்தால் பாதகமில்லை, தட்டில் மறைந்துவிடும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அறை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். முந்தைய நாளே செய்வதென்றால் ரோஸ் கிண்ணத்தையும் பூரணத்தையும் தனித்தனி டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, விருந்துக்கு அரை மணி நேரம் முன்பு பிழியுங்கள். நோசல் இல்லையென்றால் ஜிப் கவரின் மூலையை ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் போதும்.